கட்டை ஊசி

எங்கள் வீட்டில் சந்தேகம் பரம்பரைச் சொத்து. சுவிட்சர்லாந்தில் ஓல்டனுக்குக் குடியேறி இத்தனை காலமாகியும், கதவு மணி அடித்தால் அப்பா முதலில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். பிறகு கதவுத் துளையால் பார்ப்பார். பிறகு என்னைப் பார்க்கச் சொல்வார். அதற்குப் பிறகும் "ஆரது?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார். வெளியில் நிற்பது மேல்வீட்டுப் பெண்ணாக இருக்கும். உடுப்புத் துவைக்கும் அறையின் திறப்பை வாங்க வந்திருப்பாள். எனக்கும் அதே இரத்தம்தான். ஒருவர் தேவைக்கு மேல் சிரித்தால் என் கை தன்பாட்டில் கைப்பையைத் தடவிப் பார்க்கும்.

இப்படிப்பட்ட நான் துவக்கு திருத்தும் பட்டறையில் போய்ச் சேர்ந்தது 2009-இல். அதற்கு முன் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பழகி முடித்திருந்தேன். அந்த வருடம் தொழிற்சாலைக்கு வேலை வரத்து நின்றுபோனது. இளசுகளைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓல்டனிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு சிறிய பட்டறை, அராவவும் கடைசல் பிடிக்கவும் தெரிந்த ஒருவரைத் தேடியது. போய்ப் பார்த்தால், சுவர் முழுக்கப் பழைய இராணுவத் துவக்குகள். திரும்பி ஓடியிருக்க வேண்டும். ஆனால் கடைசல் இயந்திரம் நல்ல இயந்திரமாக இருந்தது, நின்றுவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் ஊரில் போரை நிறுத்தச் சொல்லி ஜெனீவாவில் நடந்த கூட்டத்துக்குப் போய், கத்தித் தொண்டை கட்டி வந்திருந்த நேரம். கட்டிய தொண்டையோடேயே என்னை ஏசினார்.

"துவக்குச் சத்தம் கேக்கக் கூடாதெண்டு ஓடி வந்தனாங்கள். நீ துவக்குக் கடையிலை வேலைக்குப் போறியோ? உனக்கென்ன விசரோ பிள்ளை?"

அவர் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டமே உண்டு. எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலேயே சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்துவிட்டது. அப்பா அந்தப் பழையதையே விடாமல் வைத்திருந்தார். ஆகவே என் வேலை அங்கியை வாசலுக்கு வெளியிலேயே கழற்ற வேண்டும் என்று கட்டளை போட்டார். சட்டைப் பையில் இரும்புத்தூள் கிடந்தால்கூட அதையும் துவக்கு என்று எழுதிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

பட்டறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கிழவர்கள். இந்த நாட்டில் இராணுவச் சேவை முடித்தவர்கள் தங்கள் துவக்கை வீட்டுக்கே கொண்டுபோவார்கள். அதைக் கராபினர் என்பார்கள். எழுபது வயது தாண்டியும் ஊர்ச் சுடும் சங்கத்தின் முந்நூறு மீற்றர் மைதானத்தில் அதே துவக்கால் சுடுவார்கள். எல்லாம் பழைய சாமான், ஏதாவது ஒன்று தேயும், உடையும். தேய்வதும் உடைவதும் அநேகமாகப் போல்ட்டில்தான். துவக்கின் பின்பக்கம் ஓடுகிற உருளை அது. தோட்டாவை உள்ளே தள்ளுவது, பூட்டுவது, தோட்டாவின் பின்புறத்தில் ஊசியால் அடிப்பது, சுட்ட கோதை இழுத்து வெளியே எறிவது எல்லாம் அதன் வேலை. உள்ளே ஊசி, சுருள்வில், ஒரு கொக்கி. மாற்று ஊசி வாங்கினால் அப்படியே பொருந்தாது. நீளமாகத்தான் வரும். நீல மை பூசி, போட்டுப் பார்த்து, எண்ணெய்க் கல்லில் உரசி, அளவுக் கட்டையில் வைத்துப் பார்த்து, திரும்ப உரச வேண்டும். கூடினால் தோட்டாவின் பின்பக்கத்தைக் கிழிக்கும். குறைந்தால் வெடிக்காது. தலைமயிர்க் கணக்கு வேலை. எனக்குப் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிடிக்காதது ஒன்று இருந்தது. நான் முடித்த ஒவ்வொரு போல்ட்டையும் முதலாளி கடை பூட்டுவதற்கு முன் எடுத்துக் கழற்றிப் பார்ப்பார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஊசியின் முனையை விளக்கில் பிடித்து, உருட்டி உருட்டிப் பார்ப்பார். துவக்கின் உடம்பில் அடித்த எண்ணும் போல்ட்டில் அடித்த எண்ணும் ஒன்றா என்று விரலால் தடவுவார். ஒரு பிழையும் பிடிக்கமாட்டார். ஒரு சொல்லும் சொல்லமாட்டார். மறுநாளும் பார்ப்பார். இது தமிழச்சி என்பதற்காகவா, இல்லை யார் இருந்தாலும் இப்படித்தானா என்று நான் மண்டையைக் குழப்பினேன். கேட்கவும் இல்லை. கேட்டால் பொய் சொல்வார் என்று தோன்றியது.

வாடிக்கையாளர்களிலும் சிலர், "இதை இவவோ செய்யிறது?" என்று எனக்கு முன்னாலேயே முதலாளியைக் கேட்பார்கள். அவர்கள் பேசுவது சுவிஸ் ஜெர்மன்தான். ஆனால் எனக்கு எல்லாப் பேச்சும் எங்கள் வீட்டுத் தமிழில்தான் ஞாபகம் நிற்கும், அப்படியே எழுதுகிறேன். அப்படிக் கேட்பவரின் துவக்கை நான் தனிக் கவனத்தோடு செய்வேன். வாயால் ஒன்றும் சொல்லமாட்டேன், ஆனால் அவர் போனபிறகு கடைசல் இயந்திரத்துக்குச் சொல்லுவேன்.

நான் சேர்ந்து சில வருடம் கழித்து, இலையுதிர்காலத்தில் மைதானத்தைப் பூட்டிய பிறகு, ஒரு மத்தியானம் அந்த அம்மா வந்தார். எழுபதைத் தாண்டிய, ஒல்லியான, தலை ஒழுங்காக வாரிய பெண். முதலாளி சாப்பாட்டுக்குப் போன உடனே கதவு திறந்தது.

"முதலாளி இல்லை. மத்தியானம் கழிச்சு வாங்கோ," என்றேன்.

"தெரியும். அவர் போறதைப் பாத்திட்டுத்தான் வந்தனான்."

எனக்கு உடனே எச்சரிக்கை வந்துவிட்டது. எதிரிலுள்ள பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் வெகுநேரமாக இருந்ததையும், பஸ் வந்தும் ஏறாமல் விட்டதையும் நான் கவனித்திருந்தேன். அது இவர்தான். கைப்பையிலிருந்து சமையலறைத் துவாய் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து விரித்தார். உள்ளே ஒரு கராபினரின் போல்ட். நன்றாக எண்ணெய் போட்டு, பளிச்சென்று இருந்தது.

"இதிலை என்ன பிழை?"

"பிழை ஒண்டும் இல்லை. நீங்கள் பிழையாக்கித் தரவேணும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் துவாயின் ஓரத்தை நேராக்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். துவக்கு அவருடைய கணவருடையது. அது நிலவறையில் தொங்கும். போல்ட் மட்டும் அவர்களுடைய படுக்கையறை அலுமாரியில், கட்டில் விரிப்புகளுக்கு அடியில் இருக்கும். கலியாணம் செய்த நாளிலிருந்து அப்படித்தான். இது இங்கே பல வீடுகளில் உள்ள வழக்கம். துவக்கு மனுசனுடைய இடத்தில், போல்ட் மனுசியுடைய இடத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் போல்ட்டை எடுத்துக் கொடுப்பார். கணவர் குசினி மேசையில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். 

"கொஞ்ச நாளாய் அவருக்கு நித்திரை இல்லை. நல்ல தச்சு ஆயுதங்கள், கோடாலி, மரம் அரியிற வாள் எல்லாத்தையும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிக் குடுத்திட்டார். எனக்கு இனித் தேவையில்லை எண்டு சொல்லுறார். அவரின்ர தம்பியும் அப்பிடித்தான் எல்லாத்தையும் குடுத்தவர். பிறகு தன்ர துவக்காலையே போனவர்."

அவர் அழவில்லை. கடையில் சாமான் பிழையாக வந்ததைச் சொல்வது போலச் சொன்னார். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"போல்ட்டை ஒளிச்சு வையுங்கோவன்," என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை கேப்பார். இல்லையெண்டால் எனக்கு விளங்கியிட்டுது எண்டு அவருக்கு விளங்கும். பிறகு எனக்குத் தெரியாமல் வேற வழி பாப்பார்."

"டாக்டரிட்டைக் காட்டலாம்."

"ஓம். போகமாட்டன் எண்டு நிக்கிறார். கதைச்சுக் கதைச்சுத்தான் கொண்டுபோகவேணும். அதுக்குத்தான் எனக்கு நாள் வேணும். அதுவரைக்கும் இது வெடிக்கக் கூடாது. வெடிக்காது எண்டு அவருக்குத் தெரியவும் கூடாது."

"வீட்டிலை தோட்டா இருக்கோ?"

"இல்லையெண்டு சொல்லுறார். நான் நம்பேல்லை."

பொலிசுக்குச் சொல்லலாமே என்றேன். பொலிஸ் வண்டி வாசலுக்கு வந்தால் ஊர் முழுக்கக் கதைக்கும், அந்த மனுசன் வெளியில் தலைகாட்டமாட்டார் என்றார். என் முதலாளியிடமும் சொல்ல முடியாதாம். இரண்டு பேரும் ஒரே சங்கம். ஒருவர் காதில் விழுந்தால் சங்கம் முழுக்கப் போய்விடும்.

"அப்ப ஏன் என்னட்டைச் சொல்லுறியள்?"

"நீங்கள் எங்கட ஆக்களோட கதைக்கமாட்டியள்தானே. இஞ்ச உங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது."

எனக்கு விசர் வந்துவிட்டது. அந்தத் தெருவால் நான் எத்தனை வருடமாகப் போய் வருகிறேன். பாண் கடைக்காரிக்கு என் பெயர் தெரியும். ஆனால் இந்த அம்மா நல்லாய் யோசித்து, ஊரிலேயே ஒருவரோடும் சேராத ஆள் என்று என்னைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார். எரிச்சல் எனக்கு உச்சியில் ஏறியது. இன்னும் எரிச்சலான விஷயம், அவர் சொன்னது உண்மை என்பதுதான்.

என் புத்தி பிறகு எப்படி ஓடியது என்று சொல்லவேண்டும். முதலில், இது மனுசன் மேல் உள்ள கோபத்தில் செய்கிற சூழ்ச்சியாக இருக்கலாம் என்று நினைத்தேன். வசந்தத்தில் சங்கத்தார் எல்லோரும் பார்க்க அவருடைய துவக்கு சும்மா டிக் என்று அடித்தால் இந்த அம்மாவுக்கு ஒரு சந்தோஷமாக இருக்குமோ. இல்லாவிட்டால் முதலாளியே அனுப்பியிருக்கலாம், நான் களவாக வேலை செய்வேனா என்று பார்க்க. இல்லாவிட்டால் பொலிஸ். தமிழச்சி ஒருத்தி துவக்குக் கடையில் என்ன செய்கிறாள் என்று பார்க்க ஒரு கிழவியை அனுப்புவதுதானே சுகம். மூன்றையும் மாறி மாறி நினைத்துக்கொண்டே அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தேன். துவாயின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தன. நான் ஏலாது என்று சொல்லியிருந்தால் அந்தப் போல்ட் திரும்ப அலுமாரிக்குப் போயிருக்கும். அவர் சொல்வது பொய்யென்றால் எனக்கு வேலை போகும். உண்மையென்றால்?

"இருங்கோ," என்றேன்.

போல்ட்டில் இருந்த நல்ல ஊசியைத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. அதைக் கழற்றி, ஒரு பழைய புகையிலை டப்பாவில் போட்டு, என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். எவர் வந்து கேட்டாலும், இதோ உண்மையான ஊசி, பழுதில்லாமல் இருக்கிறது என்று காட்டலாம். கழிவுப் பெட்டியில் முனை தேய்ந்த ஊசிகள் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கல்லில் வைத்தேன். அதுவரை நான் செய்த வேலையெல்லாம் ஊசி எட்டவேண்டும் என்று செய்தவை. இது எட்டாமல் இருக்கவேண்டும், ஆனால் எட்டுவது போலத் தெரியவேண்டும். விசையை அழுத்தினால் பழைய சத்தமே வரவேண்டும். முனை துளைக்குள் எட்டிப் பார்க்கவேண்டும். தோட்டாவைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடவேண்டும். உரசிய இடம் புதிதாக மின்னியது, அதைக் கறுப்பாக்கினேன். எண்ணெய் போட்டேன். அந்த அம்மா பக்கத்தில் நின்று மூச்சுவிடாமல் பார்த்தார்.

"இதாலை சுடேலாதுதானே?"

"ஏலாது."

"உறுதியாவோ?"

"நான் செய்தது," என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

அவர் போல்ட்டைத் துவாயில் சுற்றிக்கொண்டு, முதலாளி வருவதற்கு முன் பஸ் ஏறிப் போய்விட்டார். போகும்போது தன் தொலைபேசி எண்ணை மட்டும் சொன்னார். எழுதவேண்டாம், ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் அப்பாவுக்குச் சரியான சோடி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

"அது பொலிஸ் அனுப்பின மனுசி. நாளைக்கே வேலையை விடு."

"அவவுக்கு எழுபது வயதுக்கு மேலை அப்பா."

"அதுதான் அனுப்பினவங்கள். எழுபது வயது எண்டால் நீ நம்புவாயெண்டு."

நான் வேலையை விடவில்லை. ஆனால் அப்பா சொன்னது உள்ளே போய்க் குந்திவிட்டது. கடைக்கு வெளியே கார் நின்றால் யார் என்று பார்ப்பேன். முதலாளி சும்மா என் லாச்சிப் பக்கம் கை வைத்தாலே எழும்பிப் போய் அதற்கு முன்னால் நிற்பேன். அந்தப் புகையிலை டப்பாவை ஒருநாள் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தேன். அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது, திரும்ப லாச்சியில் போட்டேன்.

நத்தார் வருவதற்குக் கொஞ்சம் முன், மனம் கேட்காமல், அந்தத் தொலைபேசி எண்ணை வைத்து விலாசம் தேடி, அந்த அம்மாவின் ஊருக்கே பஸ் ஏறிப் போனேன். ஊர் என்றால் ஒரு தேவாலயம், ஒரு கடை, சில தெருக்கள். கடைக்குள் அந்த அம்மா நின்றார், பக்கத்தில் உயரமான, சிவந்த முகத்துப் பெரியவர். சொக்கலேட் தட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மனுசன் காசாளப் பெண்ணோடு பகிடி விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பாண், வெண்ணெய், ஒரு போத்தல் வைன். சாவைப் பற்றி நினைக்கிறவன் வைன் வாங்குவானோ? அந்த அம்மா என்னைக் கண்டார். கண்டது போலவே காட்டிக்கொள்ளாமல் சாமான்களைப் பையில் அடுக்கினார்.

நல்லாய் ஏமாந்துபோனேன் என்று பஸ்ஸில் வரும்வழியெல்லாம் எனக்குள் பொருமினேன். அந்த மனுசனுக்கு ஒன்றும் இல்லை. இந்த அம்மாவுக்குத்தான் ஏதோ கணக்கு இருக்கிறது, அதில் நான் ஒரு கருவி. விடுமுறை முடியட்டும், அவருக்குத் தொலைபேசி எடுத்து, போல்ட்டைக் கொண்டுவாருங்கள், பழைய ஊசியைப் போட்டுத் தருகிறேன், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். எண் ஞாபகத்தில்தான் இருந்தது.

தொலைபேசி எடுப்பதற்கு முன் அவரே வந்துவிட்டார். அந்த அம்மா இல்லை, பெரியவர்.

தை மாதம். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியை வாசலில் தட்டி, ஒழுங்காகத் துடைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். முதலாளி எழும்பி அவருக்குக் கை கொடுத்தார். பெரியவர் எனக்கும் கை கொடுத்தார். கை குளிர்ந்திருந்தது. கோட்டுப் பைக்குள்ளிருந்து போல்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு மற்றப் பைக்குள் கையை விட்டு ஒரு தோட்டாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அடிக்குது, வெடிக்கேல்லை," என்றார். "ஊசி போலை கிடக்கு. பாத்து மாத்தித் தாங்கோ."

அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒவ்வொரு வருடமும் எத்தனையோ பேர் இப்படித்தான் வருவார்கள். வெடிக்காத தோட்டாவையும் கொண்டுவந்து காட்டுவது இவர்கள் பழக்கம். ஊசி எவ்வளவு ஆழம் அடித்திருக்கிறது என்று அதில் பார்க்கலாம். முதலாளி அதை வாங்கி விளக்கில் பிடித்தார். அடியில் உள்ள செப்பு மூடியில் ஒரு சின்னப் புள்ளி, தொட்டும் தொடாமலும்.

"அடி காணாது," என்றார் முதலாளி. போல்ட்டைக் கழற்றினார். ஊசியை எடுத்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.

நான் கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் ஊசியை உருட்டினார். ஒருமுறை உருட்டி நிறுத்தினார். இந்தச் சில வருடங்களாக என் வேலையை ஒவ்வொரு நாளும் அப்படி உருட்டிப் பார்த்த மனுசன். கல்லில் நான் எந்தப் பக்கம் சரித்து உரசுவேன் என்று எனக்குத் தெரிவதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இது தேஞ்சதில்லை," என்றார் மெதுவாக. என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது உன்ர கை."

அந்தப் பார்வையை நான் வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து எதிர்பார்த்துக் காத்திருந்தேன். கடைசியில் பிடித்துவிட்டார். எனக்கு முகம் சுட்டது. ஓம் என் கைதான், ஆனால் ஏன் என்று கேளுங்கோ என்று கத்த வாய் திறந்தேன். அப்போதுதான் என் கண் அவர் இடுப்பில் போனது. முதலாளிதான் சங்கத்தில் சுடுவதற்குப் பொறுப்பு. மைதானத்தின் திறப்பு அவருடைய இடுப்புச் சாவிக் கோர்வையில் தொங்கும். இலையுதிர்காலத்தில் பூட்டியது. பங்குனியில்தான் திறக்கும். வேறொருவரிடமும் திறப்பு இல்லை.

நான் முதலாளிக்குப் பதில் சொல்லவில்லை. பெரியவரைப் பார்த்துக் கேட்டேன்.

"எங்க சுட்டுப் பாத்தனீங்கள்?"

முதலாளியின் கை தன்பாட்டில் இடுப்புத் திறப்பைப் போய்ப் பிடித்தது. அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. நாங்கள் மூன்று பேரும் மேசையில் கிடந்த தோட்டாவைப் பார்த்தோம்.

"நிலவறையிலை," என்றார் பெரியவர் கடைசியில். "நேற்று."

நேற்று அந்த மனுசன் அலுமாரியிலிருந்து போல்ட்டைத் தானே எடுத்துக்கொண்டு, சாவதற்கென்று நிலவறைக்கு இறங்கியிருக்கிறார். துவக்கு வெடிக்கவில்லை. விடிய எழும்பி, சவரம் செய்து, தொப்பி போட்டு, பஸ் ஏறி, துவக்குப் பழுதென்று திருத்தக் கொண்டுவந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்கச் செய்த பழக்கம் அது. பழுதென்றால் பட்டறைக்குப் போவது. தான் என்ன காட்டிக்கொடுக்கிறோம் என்று அவர் யோசிக்கவே இல்லை. நான் இப்போதும் அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல்தான் இருக்கிறேன்.

முதலாளி எழும்பிப் போய்க் கதவைப் பூட்டினார். தோட்டாவை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் பெரியவருக்குப் பின்னால் வைத்து, தோளைப் பிடித்து இருத்தினார்.

"ஊசியைக் கட்டையாக்கினது ஆர்?" பெரியவர் என்னைக் கேட்டார்.

"நான்."

"அவ வந்தவவோ?"

"ஓம்."

"எப்ப?"

"மைதானம் பூட்டின உடனை. ஐப்பசியிலை."

அவர் தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஐப்பசியிலிருந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எண்ணுகிறார் போல இருந்தது.

"ஒவ்வொரு ஞாயிறும் தன்ர கையாலை எடுத்துத் தந்தவ," என்றார். "நான் துடைச்சு முடியுமட்டும் எனக்கு முன்னாலை இருந்து பின்னினவ. அவவுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

பிறகு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். முதலாளி அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் தொலைபேசியை எடுத்து, ஞாபகத்தில் இருந்த எண்ணை அழுத்தினேன். ஒரு மணிகூட முழுதாய் அடிக்கவில்லை, அந்த அம்மா எடுத்துவிட்டார்.

"உங்கட மனுசன் எங்களோட இருக்கிறார். சுகமாய் இருக்கிறார்," என்றேன்.

"வாறன்," என்றார்.

குளிருக்குக் கோட்டுக்கூடப் போடாமல், சமையல் அங்கியோடு வந்து சேர்ந்தார். உள்ளே வந்ததும் கணவரைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். போல்ட் கழற்றியபடி கிடந்தது. நேராகப் போய், அங்கிப் பைக்குள்ளிருந்த துவாயை எடுத்து, எல்லாத் துண்டுகளையும் அதில் சுற்றி, முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பூட்டிய பிறகு கைப்பிடியைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினார்.

"டாக்டரிட்டைப் போவம்," என்றார்.

"ஓம்," என்றார் அவர்.

முதலாளிதான் காரில் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் வந்து, கோட்டைக் கழற்றி, கோப்பி போட்டு, ஒரு கோப்பை எனக்கும் வைத்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சங்கத்திலை சொல்லிப்போடுவியளெண்டு அவ பயந்தவ."

அவர் கோப்பியைக் குடித்தார். "சொல்லியிருப்பன்," என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கடை பூட்டும் நேரம், வழக்கம்போல நான் அன்றைக்கு முடித்த இன்னொரு போல்ட்டை எடுத்து, கண்ணாடியை ஏற்றி, உருட்டிப் பார்த்தார். தமிழச்சி என்பதற்காகவா, எல்லோருக்கும் இப்படியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று அன்றைக்குத்தான் விட்டேன்.

வீட்டில் அப்பாவிடம் முழுக்கதையும் சொன்னேன்.

"அப்ப அவ பொலிஸ் இல்லை," என்றார்.

"இல்லை அப்பா."

"அந்த மனுசன் தனியவோ பஸ்ஸிலை வந்தவர், அந்தக் குளிருக்கை?" என்று கேட்டுவிட்டு, எழும்பிப் போய்க் கதவுப் பூட்டைச் சரிபார்த்தார்.

பெரியவர் சில வாரம் வைத்தியசாலையில் இருந்தார். பங்குனியில் மைதானம் திறந்தும் வரவில்லை. அடுத்த வருடம் வந்தார். மெலிந்திருந்தார், முகம் அவ்வளவு சிவப்பில்லை, பகிடியும் குறைவு. டாக்டர் ஓம் என்று சொன்ன பிறகுதான் புகையிலை டப்பாவைத் திறந்து பழைய ஊசியைப் போட்டுக் கொடுத்தேன். அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. துவக்கு சங்கத்திலேயே இருக்கும். போல்ட் எங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கும். சனிக்கிழமை சுடப் போகும்போது முதலாளி கையோடு கொண்டுபோவார். சுட்டு முடிந்ததும் பெரியவரே பட்டறைக்கு வந்து என்னிடம் திருப்பிக் கொடுப்பார். அந்த அம்மா எதிர்ப் பஸ் நிறுத்தத்தில் இருப்பார். உள்ளே வரமாட்டார்.

சங்கத்தில் அதே மாதிரிப் போல்ட் எத்தனையோ கிடக்கும். வேறொன்றைச் சுற்றிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதைக் கொண்டுபோவது பெரிய வேலையில்லை. ஆகவே அவர் மேசையில் வைத்ததும், நான் அவர் முன்னாலேயே துவாயை விரித்து, விளக்கைப் போட்டு, அதில் அடித்த எண்ணைப் பார்ப்பேன். பிறகு விரலாலும் தடவிப் பார்ப்பேன். முதல் வருடம் முழுக்க அவர் நான் தடவி முடியும்வரை நின்றுவிட்டுப் போனார். இரண்டாம் வருடம் ஒரு சனிக்கிழமை, தொப்பியைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இன்னும் நம்பேல்லையோ?"

"இல்லை," என்றேன்.

"நல்லது," என்றார். கதவைச் சாத்திவிட்டு, தெருவைக் கடந்து, அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.